விசா உண்மை, வேலை உண்மை, கம்பெனியும் உண்மை: சிக்னல் வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆள் கடத்தல் என்றதும் நம் மனதில் வருவது ஒரு வேன், வாயில் அடைத்த துணி, கையைக் கட்டிய கயிறு. இதற்குப் பாதிக் காரணம் நம் மொழிதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கடத்தல், தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருவதும் கடத்தல், ஆளை ஏமாற்றி வேலைக்கு விற்பதும் கடத்தல். மூன்றுக்கும் ஒரே சொல். அதனால் தன் காலில் நடந்து, தன் பாஸ்போர்ட்டைக் காட்டி, வீட்டார் வழியனுப்ப விமானம் ஏறிய ஒருவரைக் காட்டி “இவர் கடத்தப்பட்டவர்” என்றால் நமக்கு மனசு ஒப்பவில்லை. “அவராகத்தானே போனார்?” என்று கேட்டுவிடுகிறோம்.

இங்கே எடுத்துக்கொண்ட வழக்கில் சுமார் 500 இந்தியர்கள் அப்படித்தான் போனார்கள், அவர்களாகவே. வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும். கேரளத்துக்காரர்கள், தமிழ்நாட்டுக்காரர்கள், வட மாநிலத்தவர்கள். பலர் வளைகுடா நாடுகளில் வருடக்கணக்கில் வேலை பார்த்துப் பழகியவர்கள். வெளிநாடு என்றால் என்னவென்று தெரியாத ஆட்கள் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த விசா போலி இல்லை. கம்பெனி போலி இல்லை. வேலை இருந்தது, சம்பளமும் வந்தது. அப்புறமும் 2015-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து நடுவர் குழு (ஜூரி) ஒன்று, நடந்தது ஆள் கடத்தலும் கட்டாய உழைப்பும்தான் என்று தீர்ப்புச் சொன்னது. எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் இந்த வழக்கில் பார்க்க வேண்டிய விஷயம்.

புயலுக்கு முன்பே விரித்த வலை

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைப் புரட்டிப் போட்டது. அடுத்த மாதமே ரீட்டா. மெக்சிகோ வளைகுடாவில் நின்ற எண்ணெய்த் துரப்பண மேடைகள் பல சேதமாயின. அவற்றைப் பழுது பார்க்கிற தொழிலில் இருந்த கம்பெனி சிக்னல் இன்டர்நேஷனல். மிசிசிப்பி மாநிலத்தில் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸ் மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரிலும் அதற்கு யார்டுகள், அதாவது பழுது பார்க்கும் பட்டறைகள், இருந்தன. வேலை குவிந்துவிட்டது. செய்ய ஆள் இல்லை. உள்ளூர்த் தொழிலாளர்கள் பலர் வீடிழந்து வேறு ஊர்களுக்குச் சிதறிப் போயிருந்தார்கள்.

ஆள் பிடித்துத் தர ஒரு கூட்டணி ஏற்கெனவே தயாராக இருந்தது. மும்பையில் ஓர் ஏஜென்ட், அமெரிக்காவில் ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர், நியூ ஆர்லியன்ஸில் ஒரு குடியேற்ற வழக்கறிஞர். இவர்கள் சிக்னலுக்காகப் புதிதாகக் கடை விரிக்கவில்லை. 2003 வாக்கிலேயே, அமெரிக்காவில் குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறலாம் என்று வேறு கம்பெனிகளின் பெயரில் விளம்பரம் செய்து பணம் வாங்கியிருந்தார்கள். பணம் கட்டியவர்கள் காத்திருந்தார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம். கிரீன் கார்டு வரவில்லை, பணமும் திரும்பவில்லை. அப்போதுதான் 2006-ல் புதுச் செய்தி வந்தது: சிக்னல் என்று ஒரு கம்பெனி, உடனே போகலாம், வேறு வகை விசாவில் முதலில் உள்ளே போய்விடுங்கள், கிரீன் கார்டு பின்னாலேயே வரும்.

ஏமாந்தவர்களைப் பார்த்து “படித்துப் பார்க்கக் கூடாதா?” என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் தவணை போய் இரண்டு வருடம் ஆகிவிட்ட மனிதரிடம் இரண்டாவது தவணை கேட்கப்படுகிறது. கட்டாவிட்டால் முதல் தவணையும் போச்சு. சூதாட்ட மேசையிலிருந்து எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறவரின் நிலை அது. புத்தி இல்லாததால் வருவதல்ல.

மொத்தத்தில் ஒவ்வொருவரும் கட்டியது 10,000 முதல் 20,000 டாலர் வரை. அன்றைய மதிப்பில் நாலரை லட்சத்திலிருந்து ஒன்பது லட்சம் ரூபாய். நகை அடகுக்குப் போனது, நிலம் போனது, கைமாற்றும் அதிக வட்டிக் கடனும் சேர்ந்தன. பணத்தை ஒரே நாளில் கேட்கவில்லை, படிப்படியாகத்தான் கேட்டார்கள். டெஸ்டில் தேறியதும் ஒரு தவணை, காகிதம் ஒப்புதலானதும் ஒரு தவணை, விசா அடித்ததும் கடைசித் தவணை. சிக்னலின் ஆட்களே நேரில் வந்து வெல்டிங் டெஸ்ட் வைத்தார்கள். கம்பெனி ஆளே வந்து கையில் வெல்டிங் டார்ச்சைக் கொடுத்துப் பார்க்கும்போது இது மோசடியாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மூன்று சிறிய காரியங்கள்

தொழிலாளர்கள் வழக்கில் சொன்னவற்றில் மூன்று சிறிய காரியங்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. மற்றதெல்லாம் பெரிய கதை. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே கையால் தொட்டுப் பார்த்திருக்கக்கூடிய அடையாளங்கள் இவை.

முதலாவது, விசா முத்திரை விழுந்த பாஸ்போர்ட் நேராக அவர்கள் கைக்கு வரவில்லை. ஏஜென்ட் வைத்துக்கொண்டார். கடைசித் தவணை கட்டினால்தான் புத்தகம். பாஸ்போர்ட் அடகுப் பொருளாக மாறிய நிமிடம் அது.

இரண்டாவது, அமெரிக்கத் தூதரக நேர்காணலுக்குப் போகும் முன் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பணம் கட்டியதைச் சொல்லக் கூடாது. கிரீன் கார்டு என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. சொன்னால் விசா போய்விடும். இதில் உள்ள சூழ்ச்சியைக் கவனியுங்கள். அந்தச் சங்கிலியில் தொழிலாளி நேருக்கு நேர் பேசக்கூடிய ஒரே வெளி அதிகாரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த விசா அலுவலர்தான். “எவ்வளவு கொடுத்தாய்?” என்ற கேள்விக்கு ஓர் உண்மையான பதில் அந்த இடத்தில் வந்திருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கலாம். அந்தக் கதவைத் தொழிலாளியின் கையாலேயே சாத்த வைத்தார்கள். பொய் சொன்னதால் இவரும் இப்போது குற்றவாளி மாதிரி ஆகிவிட்டார். இனி யாரிடம் போய்ப் புகார் கொடுப்பார்?

மூன்றாவது, கையெழுத்து. கிளம்பும் நேரத்தில், பெட்டி கட்டி நிற்கும்போது, ஆங்கிலத்தில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. படிக்க நேரம் இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் விமானம் இல்லை. முகாம் வாடகையும் நிபந்தனைகளும் அந்தக் கட்டுக்குள் இருந்தன.

இனி விசாவைப் பார்ப்போம். அதன் பெயர் எச்-2பி. விவசாயம் அல்லாத தற்காலிக வேலைக்கான விசா. சில மாதங்களுக்குத்தான் செல்லும். விண்ணப்பித்த முதலாளியிடம் மட்டுமே வேலை பார்க்கலாம். அன்றைய விதிப்படி, வேலையை விட்டால் அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். இதைவிடக் கொடுமை ஒன்று விதிமுறைக்குள் ஒளிந்திருந்தது. தற்காலிக வேலைக்கு வந்தவர் திரும்பிப் போகும் எண்ணத்தோடு இருக்க வேண்டும். அதே முதலாளி அவருக்கு நிரந்தரக் குடியேற்றத்துக்கு மனுப் போட்டாலே, அதையே காரணமாகக் காட்டி எச்-2பி நீட்டிப்பை மறுக்க அன்றைய விதி இடம் தந்தது. அதாவது ஏஜென்ட் சொன்ன “இதில் போனால் அது பின்னால் வரும்” என்ற ஏற்பாடு, நடப்பது அரிது என்பது போக, ஒன்றையொன்று வெட்டுகிற ஏற்பாடு. இதை வெல்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. குடியேற்ற வழக்கறிஞருக்குத் தெரியாமல் இருந்திருக்கவும் முடியாது.

டிரெய்லரும் கணக்கும்

2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் அவர்கள் போய் இறங்கினார்கள். யார்டை ஒட்டி வேலி போட்ட முகாம். வாசலில் காவலாளி. உள்ளே போக வர அடையாள அட்டை. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. இரட்டை அகல டிரெய்லர் அளவுள்ள ஒரு கூடத்தில் 24 பேர் வரை. அடுக்குக் கட்டில்கள். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவரும் காலை ஷிஃப்டுக்கு எழுந்திருக்கிறவரும் ஒரே கூரையின் கீழ். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த வாரம் எத்தனை பேருக்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு வாடகையும் சாப்பாட்டுச் செலவுமாக நாளுக்கு 35 டாலர், மாதம் 1,050 டாலர், சம்பளத்தில் நேரடியாகப் பிடித்தார்கள். ஒரு டிரெய்லருக்கு 24 பேர் என்றால் மாதம் 25,200 டாலர். ஓர் ஆளுக்கு வருடத்துக்கு 12,600 டாலர். அதாவது ஊரில் கடன் வாங்கிக் கட்டிய தொகையின் அளவு இன்னொரு முறை. வெளியே வீடு எடுத்துத் தங்கினாலும் இந்தப் பிடித்தம் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். அதே யார்டில் வேலை பார்த்த மற்ற நாட்டுத் தொழிலாளர்கள் யாரும் இப்படி ஒரு முகாமில் அடைபடவில்லை, இந்தியர்கள் மட்டும்தான். பாகுபாட்டு வழக்குக்கு இதுவே அடித்தளமானது.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? இந்தியர்களை அமர்த்தியதால் சம்பளச் செலவில் 80 லட்சம் டாலருக்கு மேல் மிச்சமானது என்று, கணக்குப் புத்தகங்களைப் பார்த்த பொருளாதார நிபுணர் ஒருவர் தொழிலாளர் தரப்புக்காக மதிப்பிட்டார்.

வேலி தாண்டிப் போக முடியாதா என்றால், போகலாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனார்கள், கடைக்குப் போனார்கள். வேலியில் மின்சாரம் பாயவில்லை. போலி விசாவும் பூட்டிய அறையும் தேடுகிற கண்ணுக்கு இங்கே எதுவும் அகப்படாது. பூட்டு வேறு இடத்தில் இருந்தது. வேலையை விட்டால் விசா போகும். விசா போனால் ஊருக்கு அனுப்புவார்கள். ஊருக்குப் போனால் வாசலில் கடன்காரர் நிற்பார். இந்த மூன்று வளையமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருந்தன. எந்த ஒன்றையும் தனியாக எடுத்துக் காட்டி “இது சட்டவிரோதம்” என்று உடனே சொல்லிவிட முடியாது. வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருந்தது, அதை யாரும் அமெரிக்காவில் பார்க்கவில்லை.

2007 மார்ச் 9

தொழிலாளர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். கிரீன் கார்டு என்ன ஆனது, பிடித்தம் ஏன், கட்டிய பணத்தை ஏஜென்டிடமிருந்து யார் வாங்கித் தருவார் என்ற கேள்விகள். வெளியிலிருந்த தொழிலாளர் அமைப்பினரோடும் தொடர்பு ஏற்பட்டது. கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 9 அன்று விடிவதற்குள் காவலாளிகள் பாஸ்ககூலா முகாமுக்குள் வந்து, முன்னின்று பேசியவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். வேலை போய்விட்டது, ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்று சொன்னார்கள். அதில் ஒருவர் அங்கேயே தற்கொலைக்கு முயன்றார். மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்புவதைவிடச் சாவு மேல் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியது என்றால், அவரைத் திருப்பி அனுப்புவேன் என்று சொல்வது வெறும் வேலைநீக்கம் இல்லை. சட்டம் “மிரட்டல்” என்று எதைச் சொல்கிறதோ அது அந்த அறையில் நடந்தது. வழக்கிலும் அந்தக் காலை நேரம்தான் நடுநாயகமாக நின்றது.

இதில் இன்னொரு விவரம் பின்னால் வெளிவந்தது. கம்பெனி அதிகாரி சத்தியப் பிரமாண வாக்குமூலத்தில், ஆட்களை எப்படிச் சத்தமில்லாமல் அனுப்புவது என்று குடியேற்றத் துறை அதிகாரிகளிடமிருந்தே ஆலோசனை வந்ததாகச் சொன்னார்: முன்கூட்டித் தகவல் சொல்லாதே, வேலைக்கு வரும் வழியில் வரிசையிலிருந்து எடு, உடைமையை எடுத்துக்கொடு, வேனில் ஏற்று, விமான நிலையம் கொண்டு போ. 2010-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இது வந்தது. பாதுகாப்புக்கு யாரிடம் போக வேண்டும் என்று நாம் ஊரில் பாடம் எடுக்கிறோமோ, அவர்களே எதிர்ப்பக்கம் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரே ஒரு அதிகாரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஒரு தொண்டு நிறுவனமோ சங்கமோ வழக்கறிஞரோ கூட இருக்கட்டும் என்று நான் சொல்வேன்.

ஒரு வருடம் கழித்து, 2008 மார்ச்சில், சுமார் நூறு பேர் யார்டை விட்டு ஒன்றாக வெளியேறினார்கள். வாசலில் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தார்கள். விசா அந்த நிமிடமே செல்லாததாகும் என்று தெரிந்துதான் எறிந்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டனுக்குக் கிளம்பிய தங்கள் பயணத்துக்கு சத்தியாக்கிரகம் என்று பெயர் வைத்தார்கள். மே மாதம் தலைநகரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அமெரிக்கர்களுக்கு இது புதுக் காட்சி. நமக்கு இல்லை.

ஏழு வருட வழக்கு

அதே 2008 மார்ச்சில் லூசியானா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. சதர்ன் பாவர்ட்டி லா சென்டர், ஏ.சி.எல்.யூ. போன்ற குடிமை உரிமை அமைப்புகள் தொழிலாளர்களுக்காக நின்றன. 2012-ல் பெரிய அடி விழுந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழு வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்காட வேண்டும் என்றால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே செத்திருக்கும். ஆனால் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்கள் பல கட்டணம் வாங்காமல் ஆளுக்குச் சில பேரின் வழக்கை எடுத்துக்கொண்டன. கடத்தலுக்கு ஆளானவர் முதலாளி மீது தானே உரிமையியல் வழக்குப் போடலாம் என்ற உரிமை 2003-ல்தான் அமெரிக்கச் சட்டத்தில் சேர்ந்திருந்தது. அது இல்லாவிட்டால் அரசு வழக்குப் போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கம்பெனியின் வாதம் என்ன? ஏஜென்ட் எங்களையும் ஏமாற்றினார். தொழிலாளிகளிடம் இவ்வளவு பணம் வாங்கியது எங்களுக்குத் தெரியாது. புயலுக்குப் பிறகு ஊரில் தங்க வீடே இல்லை, அதனால்தான் முகாம். பூட்டி வைக்கவில்லை, போக விரும்பியவர் போகலாம். இதில் வீடு இல்லை என்பது பொய்யில்லை. ஆனால் தொழிலாளிகள் வந்திறங்கியதும் பணம் வாங்கிய விவரம் கம்பெனி காதுக்கு வந்துவிட்டது. வந்த பிறகும் பிடித்தம் நிற்கவில்லை, மார்ச் 9 நடந்தது. “தெரியாது” என்ற வாதம் அந்தத் தேதிக்கு மேல் நிற்கவில்லை.

சட்டம் எப்படி இந்தப் பூட்டைக் கண்டுபிடித்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அடித்தோ சட்டத்தைக் காட்டி மிரட்டியோ வேலை வாங்கினால்தான் அது கட்டாய அடிமைத்தனம் என்று குறுக்கிவிட்டது. மனதை மடக்கி வேலை வாங்கினால் சேராது. அந்த ஓட்டையை அடைக்க 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கடத்தலுக்கு எதிரான தனிச் சட்டம் போட்டது. வேலையை விட்டால் பெரும் கேடு வரும் என்று ஒருவரை நம்ப வைக்கும் திட்டமே போதும், அது கட்டாய உழைப்பு என்றது. அதே 2000-ல் ஐ.நா.வின் பலெர்மோ உடன்படிக்கையும் வந்தது. ஆள் கடத்தல் என்பதை அது மூன்று பகுதியாகப் பார்க்கிறது: ஆளைச் சேர்ப்பது ஒரு பகுதி, ஏமாற்றோ மிரட்டலோ பலவீனத்தைப் பயன்படுத்துவதோ இரண்டாம் பகுதி, சுரண்டும் நோக்கம் மூன்றாம் பகுதி. ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே இல்லை என்றும் அது சொல்கிறது. “அவராகத்தானே போனார்?” என்ற கேள்விக்கு அந்த உடன்படிக்கையில் இடமில்லை.

இடையில் ஒரு பெருமையும் சொல்லிக்கொள்ளலாம். நம் உச்ச நீதிமன்றம் இதை 1982-லேயே சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், பசியும் வறுமையும் துரத்த ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால், அதுவும் அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான் என்றது. தீர்ப்பு இருக்கிறது. நடைமுறை எப்படி இருக்கிறது என்பதைச் செங்கல் சூளையில் போய்ப் பார்த்தால் தெரியும்.

2015 பிப்ரவரி 18. நாலு வாரத்துக்கு மேல் நடந்த விசாரணை முடிந்து நடுவர் குழு ஐந்து தொழிலாளர்களுக்கு மொத்தம் 1 கோடியே 41 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. அதில் சிக்னல் பங்கு 1 கோடியே 23 லட்சம். மும்பை ஏஜென்டும் வழக்கறிஞரும் தலைக்கு 9 லட்சத்து 15 ஆயிரம். கடத்தல், கட்டாய உழைப்பு, மோசடி, பாகுபாடு எல்லாம் நிரூபணம். ஐந்து மாதத்தில் கம்பெனி திவால் மனுப் போட்டது. மற்ற 200-க்கும் மேற்பட்டோரின் வழக்குகளை 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டு, தொழிலாளர்களை மரியாதையோடு நடத்தத் தவறிவிட்டோம் என்று மன்னிப்பும் கேட்டது. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் தனி வழக்கில் 476 பேருக்காக 50 லட்சம் டாலர்.

நம் பக்கத்துக்கு

இந்த வழக்கைப் படித்துவிட்டு “அமெரிக்கா போகாதே” என்று யாரும் சொல்லப் போவதில்லை. போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது, அவ்வளவுதான். “விசா ஒரிஜினலா?” என்று கேட்கிறோம். ஒரிஜினல்தான். “பிடிக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்பி வர முடியுமா? வந்தால் நான் யாருக்கு எவ்வளவு பாக்கி?” என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அந்தக் கேள்விக்குப் பதில் கடன் பத்திரத்தில் இருக்கிறது, விசாவில் இல்லை.

பணத்துக்கு ஓர் எல்லை சட்டத்தில் இருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் 1983-ம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. ரசீது தர வேண்டும். பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. லட்சக்கணக்கில் கேட்கிறவர், ரசீது கேட்டால் முகம் சுளிக்கிறவர், “லைசென்ஸ் இன்னொருத்தர் பேரில இருக்கு தம்பி” என்கிறவர், இவர்களிடம் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. மதுரையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் அமைச்சகத்தின் உதவி மையம் 1800 11 3090.

அப்புறம், தூதரக அலுவலரிடம் பொய் சொல்லச் சொல்கிறவரைப் பற்றி மேலே சொன்னதை இன்னொரு தடவை சொல்லத் தோன்றுகிறது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதற்கும் கட்டணம் அதிகமாக இருப்பதற்கும் ஏஜென்ட் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவார், நாமும் நம்பிவிடுவோம். பொய் சொல்லச் சொல்வதற்குச் சமாதானம் கிடையாது. சிக்னல் வழக்கில் அது நடந்த நாள், இன்னும் விமானம் ஏறாத நாள். அன்று திரும்பியிருந்தால் போனது பணம் மட்டும். இப்போது அமெரிக்க வேலை விசாவுக்குப் போகிறவர்களுக்கு அவர்களுடைய உரிமைகளைச் சொல்லும் கையேடு ஒன்றைத் தூதரகமே தர வேண்டும் என்று 2008-ல் சட்டம் வந்தது. அடுத்த வருடம் எச்-2பி தொழிலாளரிடம் ஆள் சேர்ப்புக் கட்டணம் வாங்குவதும் விதிப்படி தடையானது. அந்தக் கையேட்டில் இருக்கும் 1-888-373-7888 என்ற எண்ணை அங்கே எந்த நேரத்திலும் கூப்பிடலாம், மொழிபெயர்ப்பாளரும் கிடைப்பார்.

எண்ணைப் போனில் மட்டும் வைத்திருந்து பயனில்லை. போனைத்தான் முதலில் பிடுங்குவார்கள். ஒரு எண்ணாவது மனப்பாடமாக இருக்கட்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்டின் அடையாளம், பணம் கட்டிய ரசீது, எல்லாவற்றின் படமும் ஊரில் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் கணவனோ மனைவியோ மட்டுமாக இல்லாமல், கடன் கொடுத்தவருக்குப் பயப்படாத ஒருவராக இருந்தால் நல்லது.

இதெல்லாம் பழைய கதை என்றும் விட்டுவிட முடியாது. 2022-லிருந்து தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப்போய், மியான்மர் எல்லைக்குள் மியாவாடி பக்கம் இணைய மோசடிக் கூடங்களில் இளைஞர்களை அடைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள். அங்கே துப்பாக்கி, அடி, மின்சார அதிர்ச்சி. சிக்னல் முகாமோடு ஒப்பிடவே முடியாத கொடுமை. ஆனால் ஊரில் நடந்த முதல் பாதி ஒன்றேதான்: தெரிந்தவர் மூலம் வந்த ஏஜென்ட், கட்டிய பணம், கடைசி நேரத்தில் மாறிய விவரம், “அங்க போனதும் சொல்றேன்” என்ற பதில். இமிகிரேஷனில் சுற்றுலா என்று சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் அதே பொய்.

சிக்னல் தொழிலாளர்கள் பலருக்குப் பின்னால் டி விசா கிடைத்தது. ஆள் கடத்தலுக்கு ஆளானவர்களுக்கென்று அமெரிக்கா 2000-ல் உண்டாக்கிய விசா அது. அதில் மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம், சில வருடம் கழித்து கிரீன் கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம். பலர் அப்படியே செய்தார்கள். குடும்பத்தோடு அமெரிக்காவில் நிரந்தரக் குடியேற்றம் என்று 2003-ல் பத்திரிகையில் வந்த அந்த விளம்பரம் அவர்கள் விஷயத்தில் கடைசியில் பலித்தது. கடத்தப்பட்டவர் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த பிறகு.